ஐம்பத்து மூன்றாவது வாரம்

கிருஷ்ணகிரி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணம் இல்லை. போன வாரம் ஆன்-கால், அதாவது கம்பெனி சர்வரில் கோளாறு வந்தால் எந்நேரமும் எழுந்து பார்க்கிற முறை, என் தலையில் விழுந்திருந்தது, மூன்று ராத்திரி தூக்கம் போச்சு. ஒவ்வொரு முறையும் போன் போட்டு எழுப்பியது மெஷின்தான். ஆனால் அம்மாவிடம் அதைச் சொல்லி நம்ப வைக்க முடியவில்லை. "ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் பண்றவன் யாருடா, அவனுக்கு வீடு வாசல் இல்லையா?" என்று இன்னமும் கேட்கிறாள்.

ஆடிப்பெருக்கு அன்று உங்கள் ஆஸ்பத்திரி லேபில் நடந்ததைப் படித்தபோது முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் வயிற்றைக் கலக்கியது. நான்கு டெக்னீஷியன்களும் ஒகேனக்கல் போக லீவு கேட்டது சரி. தருமபுரிக்காரனுக்கு ஆடி 18-க்கு லீவு இல்லை என்றால் வேறு எதற்கு? ஆனால் இரண்டு பேர் வாய்வார்த்தையில் ட்யூட்டியை மாற்றிக்கொண்டு உன்னிடம் சொல்லாமல் விட்டார்கள் பார், அங்கேதான் சிக்கல். தொப்பூர் கணவாய் விபத்துக் கேஸ் வந்து ரத்தம் கிராஸ்மேட்ச் பண்ண, அதாவது ஏற்றப் போகிற ரத்தம் சேருமா என்று பார்க்க, ஆள் வேண்டும் என்று நைட் சிஸ்டர் போன் போட்டால், ஒருவர் "நான் இன்னைக்கு இல்லையே" என்கிறார், இன்னொருவர் "எனக்கு நாளைக்குத்தானே" என்கிறார். கடைசியில் நீ லுங்கியோடு பைக்கில் போய் நின்றிருக்கிறாய்.

உங்கள் ஆட்கள் பொய் சொல்லவில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் உன் எக்செல் சார்ட்டின் போட்டோ மூன்று சுற்றிக்கொண்டிருந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். பச்சை கலர் ஒன்று, மஞ்சள் ஒன்று, பேனாவால் திருத்தியது ஒன்று. எது கடைசி என்று சிஸ்டருக்கு எப்படித் தெரியும்?

அதனால்தான் கேட்டிருக்கிறாய்: "நீ கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்து ஆளை மாற்றுகிறாயே, அது எனக்கும் ஆகுமா?" ஆகும். ஆனால் நீ நினைக்கிற இடத்தில் இல்லை. பொறு, சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரே ஒரு டெக்ஸ்ட் ஃபைல். ஒரு நாளைக்கு ஒரு வரி: தேதி, முதல் ஆள், அவர் எடுக்காவிட்டால் இரண்டாவது ஆள். கலர் கிடையாது, கட்டம் கிடையாது. நோட்பேடில் திறந்தாலும் படிக்கலாம். இதன்மேல் இரண்டு குட்டி ஸ்கிரிப்ட், அதாவது பெயரை அடித்தால் ஓடுகிற சின்ன புரோகிராம், எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றின் பெயர் 'யார்'. அடித்தால் இன்றைய வரியைத் தேடி எடுத்துப் பெயரைச் சொல்லும். கூடவே தேதி போட்டால் அந்தத் தேதிக்குச் சொல்லும். இன்னொன்று 'மாத்து'. தேதி, போகிற ஆள், வருகிற ஆள் என்று மூன்றும் கொடுத்தால் ஃபைலைத் திருத்தி, யார் எப்போது திருத்தினார்கள் என்று கிட்டில் பதிந்துவிடும். கிட் என்பது புரோகிராமர்கள் திருத்தக் கணக்கு வைக்கிற நோட்டு என்று வைத்துக்கொள். அதில் பழைய பக்கத்தைக் கிழித்துப் போட முடியாது என்று சொல்லமாட்டேன், ஆனால் கிழித்தால் எல்லோருக்கும் தெரியும்.

கம்பெனியில் இதற்கென்றே காசு கொடுத்து வாங்கிய சேவை ஒன்றும் இருக்கிறது. போன் அடிப்பது, ஐந்து நிமிடம் எடுக்கவில்லை என்றால் அடுத்தவருக்குத் தாவுவது எல்லாம் அதன் வேலை. அதிலும் மாற்றத்துக்கு 'ஓவர்ரைடு' என்று ஒன்று உண்டு. சுவர்க் காலண்டர் மேல் ஒரு சீட்டு ஒட்டுகிற மாதிரி. அடியில் இருக்கும் முறைவரிசை அப்படியே இருக்கும், சீட்டு தேதி முடிந்ததும் உதிர்ந்துவிடும். என் 'மாத்து' அந்தச் சீட்டையும் சேர்த்து ஒட்டிவிடும். பிரவுசரில் போய் ஏழெட்டு கிளிக் செய்தாலும் இதே வேலை நடக்கும். அப்புறம் எதற்குக் கறுப்புத் திரை என்று கேட்பாய்.

2024 டிசம்பர் ஒன்று ஞாபகம் இருக்கிறதா? ஃபெஞ்சல் புயல் கரை ஏறி வலுவிழந்து நம் பக்கம் வந்து கொட்டியதே. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிறுத்தியிருந்த வேன்கள் வெள்ளத்தில் மிதந்து போன வீடியோவை நீதான் எனக்கு அனுப்பினாய். அன்றைக்கு ஆன்-காலில் இருந்த பையனுக்கு ஊர் ஊத்தங்கரை. சனி, ஞாயிறு வீட்டுக்கு வந்தவன் மாட்டிக்கொண்டான். கரண்ட் இல்லை, டவர் இல்லை. ராத்திரி அலாரம் அவனுக்குப் போய், இரண்டாவது ஆளுக்குப் போய், அவரும் எடுக்காமல் எனக்கு வந்தது. அந்தப் பிரச்சினையை ஒரு வழியாக முடித்துவிட்டேன். ஆனால் திங்கள் காலை வரை அவன் பெயர்தான் முதலில் நிற்கிறது. அடுத்த அலாரமும் அதே சுற்றுச் சுற்றி, பத்து நிமிடம் வீணாகித்தான் என்னிடம் வரும். இங்கேயும் கரண்ட் போய்விட்டது. போனில் நெட் ஒரு கோடு காட்டுகிறது, மறுபடி ஒன்றும் காட்டவில்லை. அந்தச் சேவையின் வெப்சைட்டைத் திறந்தால் வெள்ளைப் பக்கத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

என் போனில் டெர்மக்ஸ் என்று ஒரு ஆப் இருக்கிறது, ஆண்ட்ராய்டிலேயே கறுப்புத் திரை. அதிலிருந்து எங்கள் சர்வருக்குள் போய் 'மாத்து' என்று ஒரு வரி அடித்தேன். ஒவ்வோர் எழுத்தும் அரை நிமிடம் கழித்துத்தான் திரையில் வந்தது. பரவாயில்லை, வந்தது. போய்ச் சேர வேண்டியது இருபது முப்பது எழுத்து. அதற்குப் படம், பட்டன், விளம்பரம் எதுவும் வேண்டாம். மழை நாளில் நடந்து போகிறவன் ஊர் சேருவான், கார் எடுத்தவன் மாட்டிக்கொள்வான் என்பது போலத்தான். நான் கமாண்ட் லைனை, அதாவது இந்தக் கறுப்புத் திரையை, விடாததற்கு உண்மையான காரணம் இது ஒன்றுதான். மற்றபடி "கெத்து" என்று என் மகன் சொல்வது வேறு விஷயம்.

இன்னொன்றும் உண்டு. இந்தச் சேவைகளே நிலையில்லை. ஆப்ஸ்ஜீனி என்று ஒன்று, நிறைய கம்பெனிகள் நம்பி இருந்தன. 2018-இல் அட்லாசியன் அதை வாங்கியது. 2025 ஜூனோடு புதிதாக விற்பதை நிறுத்திவிட்டார்கள், 2027 ஏப்ரலில் மொத்தமாக மூடப் போகிறார்கள். டெக்ஸ்ட் ஃபைலை யார் மூட முடியும்?

சரி, இப்போது உன் எக்செல்லுக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை இன்றே எழுதி முடிக்க உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நீ அனுப்பிய ஷீட்டைத் திறந்து ஃபார்முலாவைப் பார்த்தேன். ஐஎஸ்ஓ வார எண்ணை, அதாவது வருஷத்தில் இது எத்தனையாவது வாரம் என்பதை எடுத்து, நான்கால் வகுத்து, மீதி எவ்வளவோ அந்த ஆளுக்கு அந்த வாரம் என்று போட்டிருக்கிறாய். அழகான வேலை. 2020-இல் நானும் அப்படியேதான் எழுதினேன். கொரோனாவில் பெங்களூருவை விட்டு மூட்டை முடிச்சோடு இங்கே வந்து சேர்ந்த வருஷம். அப்போது எங்கள் டீமிலும் நான்கு பேர்தான். மாதக்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. டிசம்பர் 28-இல் தொடங்கிய வாரம், ஓசூரில் இருந்து வேலை பார்த்த பெண்ணுக்கு விழுந்தது. புது வருஷத்தன்றும் ட்யூட்டி, பாவம், ஒன்றும் சொல்லவில்லை. ஜனவரி 4, திங்கள் காலை ஒன்பது மணிக்கு அவளிடமிருந்து மெசேஜ்: "அண்ணா, போன வாரமும் நான்தானே?"

நான் ஏதோ கை தவறிவிட்டது என்று நினைத்து மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அவள் பெயர். உட்கார்ந்து விரல் விட்டு எண்ணியபோதுதான் புரிந்தது. சாதாரண வருஷத்தில் 52 வாரம். 52-ஐ நான்கால் வகுத்தால் மீதி பூஜ்யம், அடுத்து வருவது ஒன்றாம் வாரம், மீதி ஒன்று. வரிசை உடையாது. ஆனால் ஐஎஸ்ஓ கணக்கில் சில வருஷங்களுக்கு 53 வாரம். 53-க்கு மீதி ஒன்று, அடுத்து வருகிற ஒன்றாம் வாரத்துக்கும் மீதி ஒன்று. ஒரே ஆள் இரண்டு வாரம்! 2020 அப்படி ஒரு வருஷம். அடுத்தது எது தெரியுமா? 2026. இந்த வருஷம்தான் மச்சான். தேதிகூட மாறவில்லை: டிசம்பர் 28 திங்கள் தொடங்கி ஒரு வாரம், ஜனவரி 4 திங்கள் தொடங்கி இன்னொரு வாரம், உன் ஷீட்டில் இரண்டிலும் ஒரே பெயர் நிற்கிறது. போய்ப் பார். அந்தப் பெயர்க்காரர் உன்மேல் ஏற்கெனவே கடுப்பில் இருப்பவர் என்றால் உன் பாடு திண்டாட்டம்தான்.

திருத்த வழி, வருஷத்தையே மறந்துவிடுவது. ஏதாவது ஒரு திங்கட்கிழமையை ஆரம்பமாக வைத்து, அதிலிருந்து எத்தனை நாள் ஓடியது என்று கழித்து, ஏழால் வகுத்து முழு எண்ணை மட்டும் எடுத்து, அதை நான்கால் வகுத்து மீதியைப் பார். வருஷம் மாறினாலும் லீப் வருஷம் வந்தாலும் அதற்குக் கவலை இல்லை. நான் இதையும் ஒரே தடவையில் சரியாகச் செய்துவிட்டேன் என்று நினைக்காதே. லினக்ஸ் மெஷின்கள் 1970 ஜனவரி 1-லிருந்து நொடிகளை எண்ணிக்கொண்டிருக்கும், அதை 604800-ஆல் வகுத்தால் வாரக் கணக்கு வரும் என்று மிதப்பாக எழுதிவிட்டேன். அந்த ஜனவரி 1 வியாழக்கிழமை என்பதை யார் நினைத்தது? அதுவும் கிரீன்விச் நேரம். விளைவு, வியாழன் விடிகாலை ஐந்தரை மணிக்கு ட்யூட்டி கைமாறியது. நான்கு நாளும் மூன்றரை மணி நேரமும் கழித்த பிறகுதான் திங்கள் காலை ஒன்பதுக்கு வந்து நின்றது. டீமில் இன்றைக்கும் என்னை வியாழன் என்று கூப்பிடுகிற ஒருத்தன் இருக்கிறான்.

நியாயம் பற்றி எழுதியிருந்தாயே, "எல்லோரும் எனக்குத்தான் அதிகம் என்கிறார்கள்" என்று. அதற்கு வாதாடாதே, எண்ணிக் காட்டு. டெக்ஸ்ட் ஃபைல் என்பதால் ஞாயிறுகளை மட்டும் பொறுக்கி, பெயர்வாரியாக எண்ண ஒரு வரி போதும். நான் முதன்முதலில் ஓட்டிய அன்று வாயடைத்துப் போனேன். அதிகம் புலம்பியவன் பட்டியலின் அடியில் இருந்தான். மேலே இருந்தவர் ஒருநாளும் வாய் திறக்காத ஒருவர். யார் மாற்றிக் கேட்டாலும் "சரிங்க" என்று வாங்கிக்கொள்பவர். அந்த "சரிங்க" எல்லாம் ஞாயிறுகளாகக் குவிந்து கிடந்தன. வாயால் மாற்றிக்கொள்ளும்போது அது யார் கணக்கிலும் ஏறுவதில்லை. அன்றிலிருந்து மாதக் கடைசியில் அந்த எண்ணிக்கையைக் குரூப்பில் போட்டுவிடுவேன், ஒரு வார்த்தை விமர்சனம் இல்லாமல். புலம்பல் தானாகக் குறைந்தது. முழுக்க நின்றது என்று சொன்னால் பொய்.

கூகுளில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆட்கள் 2016-இல் எழுதி வைத்த கணக்கு ஒன்று உண்டு. ஒரே ஊரில் இருக்கும் டீம், வாரத்துக்கு இருவர் முறை வைத்து ஆன்-கால் பார்க்க வேண்டும் என்றால் குறைந்தது எட்டுப் பேர் வேண்டுமாம். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் இரண்டு பிரச்சினைக்கு மேல் வரக்கூடாதாம். படித்துவிட்டுப் பெருமூச்சுதான் விட்டேன். நாங்கள் ஆறு பேர், நீங்கள் நான்கு பேர். அந்த எண்ணை உங்கள் மேனேஜ்மென்ட்டிடம் காட்டி இன்னும் ஒரு ஆளாவது கேட்டுப் பார். கிடைக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் கேட்டு வை.

இனி, நான் முதலில் பொறு என்று சொன்ன விஷயம். உன் டெக்னீஷியன்களுக்குக் கறுப்புத் திரை வேண்டாம். நைட் சிஸ்டருக்குச் சுத்தமாக வேண்டாம். ராத்திரி கேஸ் வந்து நிற்கும்போது அவர் திரும்பிப் பார்க்கிற இடம் போன் பக்கத்துச் சுவர்தான். அங்கே ஒரு ஏ4 தாள் இருக்க வேண்டும். ஒரே தாள், அதன் அடியில் பிரின்ட் எடுத்த தேதியும் நேரமும். கறுப்புத் திரை உனக்கு மட்டும். மாற்ற வேண்டும் என்பவர் உன்னிடம் சொல்லட்டும், நீ ஒரு வரி அடி, அது ஃபைலைத் திருத்தி, புதுத் தாளை பிரின்டருக்கு அனுப்பி, மாறிய இரண்டு பேருக்கும் மெசேஜ் போடட்டும். நாளை யார் ட்யூட்டியோ அவருக்குத் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தானாக ஒரு நினைவூட்டல் போகும்படி கிரானில், அதாவது குறித்த நேரத்தில் வேலையை ஓட்டுகிற லினக்ஸ் வசதியில், வைத்துவிடலாம். வாட்ஸ்அப் குரூப்பில் சார்ட் போட்டோ போடுவதை மட்டும் அன்றோடு நிறுத்திவிடு, கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் லேப் கம்ப்யூட்டர் விண்டோஸ்தானே? கவலை இல்லை, அதற்குள்ளேயே லினக்ஸ் ஓட்ட வழி இருக்கிறது. நான் வந்து போட்டுத் தருகிறேன். அரை நாள் வேலை, உன் வீட்டுக் களியும் கீரைக் கடைசலும் கூலி.

வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, ஆனால் மாந்தோப்புக்குப் போவதை நிறுத்தச் சொன்னால் கேட்பதில்லை. பெங்களூரா காய் முழுவதும் கூழ் ஃபேக்டரிக்குப் போய்விட்டது, வீட்டுக்கென்று நிறுத்திய நான்கு பழத்தையும் அணில் தின்றுவிட்டது. பெரியவன் பத்தாவது, நம்மைவிட நன்றாகக் கணக்குப் போடுகிறான். நாம் போட்ட லட்சணத்துக்கு அது பெரிய விஷயமில்லை.

வருகிற ஞாயிறே வரலாம் என்று நினைத்து, 'யார்' என்று தேதியோடு அடித்துப் பார்த்தேன். இரண்டாவது ஆளாக என் பெயர் நிற்கிறது. மாற்றச் சொன்னால் அந்த "சரிங்க" ஆள்தான் வாங்கிக்கொள்வார். அவரிடம் கேட்க மனசு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். பஸ் ஸ்டாண்டில் நில்.

அன்புடன்,
உன் மச்சான்