வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் ஐயா அவர்களுக்கும், நிர்வாகசபையினருக்கும், சேற்றையும் பாராமல் வந்து சேர்ந்த அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

போன வருட அறிக்கை ஒன்றரைப் பக்கம். வாசித்து முடிக்கமுதலே பிளேன்ரீ வந்துவிட்டது. இம்முறை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாதாந்தக் கூட்டங்கள் 11 நடந்தன. மார்கழிக் கூட்டம் மட்டும் நடக்கவில்லை. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள். வாசிகசாலை ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர். சிரமதானம் இரண்டு தடவை. கீழ்த்தட்டில் இருந்த நாவல்களில் ஒரு வரிசையைக் கறையான் முடித்துவிட்டது. சரித்திர நாவல்களைத்தான் அது முதலில் தின்றது என்பதைக் கவலையுடன் அறியத்தருகிறேன்.

இனி, இந்த வருடம் ஊரில் கதைபட்ட விடயத்துக்கு வருகிறேன்.

பங்குனிக் கூட்டத்தில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள். தாங்கள் போனில் இங்கிலீசில் வாசிக்கும் கதைகளை வட்டத்தில் தமிழில் சொல்லலாமா என்று. எல்லாம் எதிர்கால உலகக் கதைகள். அரசாங்கம் ஒன்று எல்லாவற்றையும் தீர்மானிக்கும். இன்னாரை இன்னார் விரும்பக்கூடாது என்று சட்டம் இருக்கும். பதினேழு வயதுப் பிள்ளைகள் இரண்டு அதை மீறும். ‘டிஸ்டோப்பியா’ என்றார்கள். தமிழில் என்ன சொல்வது என்று அரை மணித்தியாலம் போனது. ஆலோசகர் ஐயா நாலைந்து சொற்களைக் கரும்பலகையில் எழுதினார், ஒன்றும் வாயில் நிற்கவில்லை. கடைசியில் கதவடியில் நின்ற ஒருவர் “கெட்டகாலக் கதை எண்டு சொல்லுங்கோவன்” என்றார். அதுவே நிலைத்தது.

முதலில் சொன்னது அலி காண்டியின் ‘மாட்ச்ட்’, 2010இல் வந்தது. அந்த உலகத்தில் பதினேழு வயதில் யாருக்கு யார் என்று அரசாங்கமே பொருத்தம் பார்த்து அறிவிக்கும். இதைக் கேட்டதும் பின்வாங்கில் இருந்த அம்மாமார் சிரித்துவிட்டார்கள். “இதில என்ன புதினம்? எங்கட புரோக்கர் குறிப்பும் பாத்து, சீதனமும் பேசி, கொமிசனும் எடுக்கிறார்” என்றார் ஒருவர். ஆனால் அந்த நாயகிக்குக் கையால் எழுதவே தெரியாது, அவளுக்கு விலக்கப்பட்டவன்தான் களவாக எழுத்துப் பழக்குகிறான் என்று பிள்ளை சொன்னபோது சிரிப்பு நின்றது. விஜயதசமிக்கு மடியில் இருத்தி, விரலைப் பிடித்து, அரிசியில் ‘அ’ எழுதுவித்த கைகள் அங்கே எத்தனையோ இருந்தன. கையெழுத்துச் சஞ்சிகை போடுவோம் என்ற யோசனை அன்றுதான் பிறந்தது.

சித்திரையில் லோரன் ஒலிவரின் ‘டெலிரியம்’, 2011. இதில் காதல் ஒரு நோய். பதினெட்டு வயதில் அதற்குச் சிகிச்சை செய்துவிடுவார்கள். நாயகி பயந்து ஓடுகிறவள் இல்லை; இன்னும் 95 நாள் என்று ஆசையோடு எண்ணிக்கொண்டு இருக்கிறவள். எனக்குப் பிடித்த இடம் அதுதான். தடையைப் பிள்ளையே விரும்பும்படி வளர்த்துவிட்டால் பிறகு வேலியும் காவலும் எதற்கு?

ஆலோசகர் ஐயா அன்று தொல்காப்பியத்தைத் தொட்டார். மறைவாகக் காதலிக்கும் களவும், ஊர் கதைக்கும் அலரும், பெட்டையை வீட்டில் அடைக்கும் இற்செறிப்பும், அவனோடு போய்விடும் உடன்போக்கும் எங்கள் பழைய பாட்டுகளிலேயே கிடக்கின்றன, இந்த இங்கிலீசுக்காரர் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்று ஆரம்பித்து, “பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப” என்ற கற்பியல் நூற்பாவுக்கு வந்தார். சனம் பொய் சொல்லிப் பிழைவிட்ட பிறகுதான் சடங்கு வந்தது. கட்டுப்பாடு போடுகிறவர் எவரும் முதலில் சொல்லும் நியாயம் இதுதான், கதையில் வரும் அரசாங்கமும் இதைத்தான் சொல்கிறது என்றார். “அப்ப பிழைவிட்டது ஆர் ஐயா, பெட்டையோ பெடியனோ?” என்று கேட்ட பிள்ளைக்கு, அடுத்த கூட்டத்தில் பதில் சொல்வதாகச் சொன்னார். இன்னும் சொல்லவில்லை.

வைகாசியில் முறைப்பாடு வந்தது. வாசிகசாலையில் பிள்ளைகளுக்குக் காதல் பழக்குகிறோமாம். எழுதியவர் ஒரு பெற்றோர். பெயர் இங்கே தேவையில்லை. அவசர நிர்வாகசபைக் கூட்டம் கூடினோம். நிறுத்துவோம் என்று நானே கையை உயர்த்த இருந்தேன் என்பதையும் மறைக்காமல் பதிகிறேன்.

அப்போதுதான் பொருளாளர் அக்கா கதைத்தார். கணக்கைத் தவிர வேறொன்றும் கதைக்காதவர். அவருடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன்.

“உங்கட கதையில பிள்ளையளுக்குக் காதலிக்கத் தடை. எங்களுக்கு அப்ப தனிய இருக்கிறதுக்குத்தான் தடை” என்றார். அது போர்க்காலம். படைக்கு வீட்டுக்கு ஒராள் என்று இயக்கம் கேட்டு வந்த காலம். கலியாணம் கட்டினால் விடுவார்கள் என்ற நம்பிக்கையில் தாய் தகப்பன் பிள்ளைகளை அவசர அவசரமாகக் கட்டிக்கொடுத்தார்கள். அக்காவுக்குப் பதினேழு. மாப்பிள்ளை தூரத்துச் சொந்தம், பத்தொன்பது. நாள் பார்க்கவில்லை, மேளம் இல்லை. மஞ்சள் கயிறு, பங்கர் வாசலில் ஒரு குத்துவிளக்கு. அதற்கும் எண்ணெய் போதாமல் பாதியில் நின்றதாம்.

“அவரில எனக்கு அப்ப ஒண்டும் இல்லை. 2009இல செட்டிகுளம் அகதி முகாமில தண்ணிக்கு இரவிரவாய் வரிசை. என்னைப் படுக்கச் சொல்லிப்போட்டு வாளியோட போனவர். விடியப் போய்ப் பாத்தன், வரிசையில குந்தியிருந்து வாளியில தலையை வைச்சு நித்திரை. ஒரு கை வாளிக் காதைப் பிடிச்சபடி. அண்டைக்குத்தான் எனக்கு இந்த மனிசனைப் பிடிச்சது.”

ஒருவரும் பேசவில்லை. “இந்தப் பிள்ளையள் முதல் பிடிக்கட்டும், பிறகு கட்டட்டும். வாசிக்க விடுங்கோ” என்று சொல்லிவிட்டு ரசீதுப் புத்தகத்தைப் பிரித்தார். முறைப்பாடு ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது.

சஞ்சிகை ஆவணியில் முடிந்தது. சீஆர் கொப்பியில் ஆறு கதைகள். மூன்று கதைகளில் ரோபோக்கள் வருகின்றன, அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒரு கதை மட்டும் வேறு. குளத்தின் இடதுகரைச் சனமும் வலதுகரைச் சனமும் கலக்கக்கூடாது என்று 2090இல் ஒரு சட்டம். எந்தக் கரையில் பிறந்தவர் என்பது அடையாள அட்டையில் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு கரையில் வயற்காரர், மறுகரையில் அந்த வயலில் கூலிக்கு இறங்குகிறவர். அவனும் அவளும் வாய்க்காலின் இரண்டு பக்கத்தால் ஒரே திசையில் சைக்கிள் ஓடிக்கொண்டே கதைக்கிறார்கள். துருசடியில், அதாவது மதகடியில், வாய்க்கால் ஒடுங்கும். அந்த இடத்தில் மட்டும் சத்தம் போடாமல் கதைக்கலாம்.

எழுதிய பையனின் பாட்டா பாட்டி 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவன் எந்தக் கரையை எழுதினான் என்று கூட்டத்தில் எவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை. காணிப் பத்திரத்துக்கு இன்னும் அலைகிறவர்களும், மகளுக்குச் சம்பந்தம் பேசும்போது “எந்தப் பக்கத்தார்” என்று விசாரிக்கிறவர்களும் ஒரே வாங்கில்தான் இருந்தார்கள். நானும் அந்த வாங்கில்தான்.

கதைக்கு முடிவு இல்லை. துருசடியோடு நிற்கிறது. முடிவை எழுதித் தரும்படி இரண்டு தரம் கேட்டேன். “சேர், சோதினை முடியட்டும்” என்கிறான்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். புதிய ஆண்டுக்கு ஓர் இரும்பு அலுமாரி கட்டாயம் வேண்டும், கறையானோடு இனிப் பேச்சுவார்த்தை சரிவராது. மின்விசிறியை அடுத்த வருடம் பார்ப்போம்.

கடைசியாக ஒன்று. சஞ்சிகையை மூன்று பிரதி போட்டோக்கொப்பி எடுத்தோம். இரண்டு இறாக்கையில் உள்ளன. மூன்றாவதை வைகாசியில் முறைப்பாடு எழுதியவரே புரட்டாதியில் கையெழுத்திட்டு எடுத்துப்போனார். இன்னும் திருப்பித் தரவில்லை. தண்டப்பணம் கேட்பதில்லை என்று நிர்வாகசபை தீர்மானித்துள்ளது.

நன்றி.
செயலாளர்