மூன்று நாள் நின்ற கார்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. சென்னைத் திருமணத்துக்காகத் திருச்சி சந்திப்பில் காரை நிறுத்திவிட்டுப் போய், மூன்றாம் நாள் இரவு திரும்பியபோது செல்ஃப் எடுக்காமல் குடும்பத்தோடு நீ பட்ட அவதியைப் படித்து வருந்தினேன். ஆனால், ஓட்டும்போது செல்போனைச் சார்ஜில் போட்டதால்தான் பேட்டரி கெட்டது என்று மெக்கானிக் சொன்னதையும், அதை நம்பி நீ மகளைக் கடிந்துகொண்டதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

இன்ஜின் ஓடும்போது வண்டிக்கு மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர், அதாவது இன்ஜின் சுழற்றும் மின்னாக்கி. விளக்கு, ஏ.சி. விசிறி எல்லாவற்றுக்கும் கொடுத்து, பேட்டரியையும் அதுவே நிரப்புகிறது. சிறிய கார்களில்கூட அது 60, 70 ஆம்பியர் வரை தரக்கூடியது. செல்போன் சார்ஜர் இழுப்பதோ ஓர் ஆம்பியர் அளவுதான். 55 வாட் ஹாலோஜன் பல்புகள் இரண்டு எரிந்தாலே எட்டு ஆம்பியர் ஆகிவிடும். இரவெல்லாம் விளக்கைப் போட்டு ஓட்டியும் தளராத ஆல்டர்னேட்டர் அந்தப் பெண்ணின் செல்போனுக்காகத் தளர்ந்துவிடாது.

என் சந்தேகமெல்லாம் தீபாவளிக்கு நீ பொருத்திய டாஷ்கேம் மீதுதான், அதாவது சாலையைப் படம்பிடிக்கும் அந்தச் சிறிய கேமரா மீதுதான். நிறுத்திய வண்டியையும் படம்பிடிக்க வேண்டும் என்பதற்காக, சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் வரும் ஃப்யூஸிலிருந்து அதற்கு இணைப்புக் கொடுத்ததாக எழுதியிருந்தாய். அது 5 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்குச் சுமார் 10 ஆம்பியர்-மணி (ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஓர் ஆம்பியர்-மணி), மூன்று நாளைக்கு 30. உன் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35 தான். இப்படி அடிவரை வடிந்து கிடக்கும் பேட்டரியில் ஈயத் தகடுகளின்மேல் சல்பேட் படிந்து இறுகிவிடுவதால், மறுபடி சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு முழுமையாகத் திரும்புவதில்லை. ஆகவே டாஷ்கேமின் இணைப்பைச் சாவியோடு அணையும் ஃப்யூஸுக்கு மாற்றிவிடு. அல்லது மின்னழுத்தம் 12 வோல்ட்டுக்கு இறங்கியதும் தானே துண்டிக்கும் கருவியைச் சேர்த்துக்கொள்.

ஆல்டர்னேட்டரை உண்மையில் வருத்துவது வேறொன்று. சென்ற சித்திரையில் என் வண்டியின் பேட்டரி முழுதும் வடிந்துபோக, இன்னொரு காரிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பி, ஓடும்போது ஏறிக்கொள்ளும் என்ற நினைப்பில் உச்சி வெயிலில் ஏ.சி.யோடு ஊர் வரை ஓட்டிவந்தேன். காலியான பேட்டரி இழுத்த இழுப்பில் சூடேறிய ஆல்டர்னேட்டருக்குள், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டையோடு அன்றே போயிற்று. கடையில் கொடுத்து ஓர் இரவு மெதுவாகச் சார்ஜ் ஏற்றியிருந்தால் அந்தச் செலவு வந்திருக்காது. நீயும் இந்த வாரம் அதைச் செய்துவிடு.

சார்ஜ் ஏற்றிய பின் ஓர் இரவு வண்டியை நிறுத்தி வைத்து, காலையில் கிளப்புவதற்கு முன் பேட்டரியின் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் அளந்து பார்: 12.6 வோல்ட்டை ஒட்டி இருந்தால் நல்லது, 12.2க்கும் கீழே இறங்கியிருந்தால் பேட்டரி சார்ஜைப் பிடித்து வைக்கவில்லை, அல்லது இன்னும் ஏதோ இழுத்துக்கொண்டிருக்கிறது. பிறகு இன்ஜினை ஓடவிட்டு, விளக்கையும் போட்டுப் பார்; பொதுவாக 13.8 முதல் 14.4 வரை காட்டவேண்டும். புதுப் பேட்டரி வாங்கும் முன் இந்த எண்களை எனக்கு எழுது. மகளிடமும் இன்றே பேசிவிடு.

அன்புடன்,
ராகவன்