தும்பிக்கை ளை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படங்களை நேற்று ராத்திரி கண்ணாடி போட்டுக்கொண்டு, போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் அம்மா, உன் அப்பாயியின் நடவு நோட்டுதான் அது. தெவசத்துக்கு வந்தபோது பரணிலிருந்து நீ எடுத்துப் போனது எனக்குத் தெரியாது. உங்கம்மாவும் வாயைத் திறக்கவில்லை. போகட்டும், எலி தின்னாமல் பெங்களூரிலாவது பத்திரமாக இருக்கட்டும்.

"இது என்ன எழுத்துப்பா, யானைத் தும்பிக்கை மாதிரி?" என்று கேட்டிருந்தாய். அது ளை. பழைய ளை. நீ வட்டம் போட்ட இடத்தில் இருப்பது "களை எடுப்பு, 6 ஆள்". பக்கத்தின் தலையில், பிள்ளையார் சுழிக்குக் கீழே இருப்பது "முருகன் துணை". ணை, லை, ளை, னை நாலுக்கும் அப்படித்தான் தும்பிக்கை போடுவோம். ணா, றா, னாவுக்குக் கால் தனியாக நிற்காது, எழுத்தோடேயே சுழித்துக்கொள்ளும். 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு, பெரியார் எழுதிவந்த முறையை ஏற்று அரசாணை போட்டது. அப்புறம் பாடப்புத்தகத்திலிருந்து தும்பிக்கை போய்விட்டது.

நான் அப்போது நாலாவது. ஊரில் இருந்தது ஈராசிரியர் பள்ளி. மூணு, நாலு, அஞ்சுக்கு அம்மாதான் டீச்சர். வகுப்பில் "அம்மா" என்று கூப்பிட்டால் திரும்பமாட்டாள். ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் என் சிலேட்டை வாங்கி, லை லை லை என்று எழுதிப் பழகுவாள். கை கேட்காது. மறுநாள் கரும்பலகையில் "மலை" என்று எழுதும்போது சாக்பீஸ் தன்னால் தும்பிக்கையை இழுத்துவிடும். முந்தானையால் அழித்துவிட்டு மறுபடி எழுதுவாள். நாங்கள் சிரித்தால் அவளும் சிரிப்பாள். ஆனால் என் நோட்டில் பழைய லை வந்தால் முட்டியில் ஸ்கேல் இறங்கும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்குப் புது எழுத்து, வயலுக்குக் கடைசிவரை பழைய எழுத்து. அவள் வைத்துக்கொண்ட கணக்கு அது. ஒன்பது மா நிலம், அதாவது மூணு ஏக்கர். ஏர், மாடு, வரப்பு தாத்தா பொறுப்பு. விதை, ஆள், கூலி, கணக்கு அப்பாயி பொறுப்பு. ஜூன் வந்தால் ரெண்டும் ஒன்றாகக் கழுத்தைப் பிடிக்கும். பள்ளி திறக்கும். 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தால் பின்னாலேயே குறுவை வேலை. விடியுமுன் நாற்றங்காலைப் பார்த்துவிட்டு வந்து, காலைக் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு ஓடுவாள். மணி அடிக்கிற கையில் நகக்கண்ணில் சேறு இருக்கும்.

ஒருநாள் வாளி, கல்லுப்பு, ஒரு கோழிமுட்டையோடு வகுப்புக்கு வந்தாள். தண்ணீரில் முட்டை அடியில் கிடந்தது. உப்பைப் போட்டுக் கலக்கக் கலக்க எழும்பி வந்து, நாலணாக் காசு அகலத்துக்குத் தலை காட்டியது. உப்பு போதும் என்பதற்கு அதுதான் அடையாளம். முட்டையை எடுத்துவிட்டு விதைநெல்லைக் கொட்டினாள். பதரும் அரைவயிறு நெல்லும் மிதந்தன. அடியில் தங்கியதை மட்டும் எடுத்து நல்ல தண்ணீரில் மூணு தடவை அலசினாள். உப்போடு விட்டால் முளைப்பு கெடும். பாடம் முடிந்தது. கடைசி வரிசையில் ஒருத்தன், "டீச்சர், முட்டையை என்ன பண்ணுவீங்க?" என்றான். எம்.ஜி.ஆர். சத்துணவு வந்ததே 1982-இல்தான், அதில் முட்டை சேர 1989 ஆனது. மறுநாள் அவித்து எடுத்துவந்து கேட்டவனுக்கே கொடுத்தாள். மற்றவர்கள் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

இப்போது உன் ரெண்டாவது கேள்விக்கு வருகிறேன். நோட்டு முழுக்கப் பழைய எழுத்தாக இருக்க, ஒரே ஒரு பக்கம் மட்டும் ஏன் உனக்குத் தெரிந்த எழுத்தில் இருக்கிறது? "பிள்ளை 2 நாள் வேலைக்கு வந்தது. கூலி கொடுத்தாச்சு. பாடம் பாக்கி."

அடுத்த வருஷம், நான் அஞ்சாவது. நாற்றுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது, நடவுக்கு ஆள் பற்றவில்லை. தெற்குத் தெருவிலிருந்து வரவேண்டிய ஒரு அம்மாவுக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக மகள் வந்து இறங்கியிருந்தாள். அவள் என் வகுப்பு. பள்ளிக்குப் புறப்பட்ட அம்மா வரப்பில் நின்று பார்த்தாள். கூடவே நானும் நின்றேன். "ஏன்டி நீ வந்தே?" என்றுகூடக் கேட்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

வகுப்பில் வருகை எடுக்கும்போது அந்தப் பெயர் வந்தது. நான் எழுந்து "வரலை டீச்சர்" என்றேன். அம்மா தலை நிமிராமல் வந்ததாகக் குறித்தாள். மறுநாளும் அப்படியே. அது தப்பு பாப்பா, நான் அதற்குப் பூசி மெழுகப் போவதில்லை. வேறு யார் வயலாக இருந்தாலும் வீட்டுக்கே போய்ச் சண்டை பிடித்துப் பிள்ளையை இழுத்து வந்திருப்பாள். அப்படி இழுத்து வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

பெரியாளுக்கு உள்ள கூலியைக் கொடுத்தாள். அப்புறம் ஒரு மாதம் எங்கள் திண்ணையில் சாயங்காலம் அவளுக்குப் பின்னக்கணக்கு நடந்தது. எனக்கும் சேர்த்துத்தான், விளையாடப் போகமுடியாத கடுப்பில் உட்கார்ந்திருப்பேன். அந்தப் பக்கம் பள்ளிக்கூட விஷயம் என்பதால் புது எழுத்தில் எழுதினாளோ என்னவோ. நான் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். "பாக்கி" என்பதை அவள் அடிக்கவே இல்லை, கவனித்தாயா? தீர்ந்த கணக்கையெல்லாம் குறுக்கே கோடு போட்டு அடித்துவிடுவாள்.

ஆறாவதுக்கு அந்தப் பெண் போகவில்லை. பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது, வீட்டில் விடவில்லை. நீ அத்தை என்று கூப்பிடுவாயே, நம் வயலுக்கு இன்றைக்கும் நடவுக்கு ஆள் கூட்டி வருகிறவர், அவர்தான். ஆள் கணக்கைக் காகிதமில்லாமல் சொல்வார், நான் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால் சரியாக இருக்கும்.

பொங்கலுக்கு வரும்போது நோட்டை எடுத்து வா. அவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டவேண்டும், இதுவரை அவர் பார்த்ததில்லை. ரெண்டு எழுத்தும் படிப்பார், நாங்கள் ஒரே செட். முதுகு பிரிந்திருக்கிறது, லேப்டாப் பையில் திணிக்காதே. துணியில் சுற்றிக் கையில் கொண்டு வா.

அன்புடன்,
அப்பா