மாட்டின் முட்டி வீக்கத்தைக் கீறாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வியாழக்கிழமை ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் ஒரு எருமையைப் பார்த்தேன். முன்னங்கால் முட்டியில் சூடு போட்ட தழும்பு, நடுவில் ஓட்டை, அதில் நீர் கசிந்து ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. "வீக்கம் இருந்துச்சுங்க, சூடு போட்டோம், ஆறிரும்" என்றார் விற்க வந்தவர். மூன்று மாதமாக ஆறவில்லையாம்.

எங்கள் செவலைக்கும் இதே வீக்கம் வந்தது, கட்டுத்தறிக்கு சிமெண்ட் தளம் போட்ட வருடம். சாணி அள்ளச் சுலபம் என்று போட்டோம். மாடு படுக்கும்போது முன்னங்காலை மடக்கி முட்டி போடும். எழும்போது பின்பக்கத்தை முதலில் தூக்கும்; அதுவரை முன்பாரம் முழுக்க முட்டியில்தான். மண் தரையில் தாங்கிய முட்டி சிமெண்டில் இடிபட்டு, தோலுக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள பையில் நீர் கோத்துக்கொள்கிறது. செவலைக்கு அரை மூடித் தேங்காய் அளவு.

பங்காளி ஒருவர் பிளேடால் கீறிவிடலாம் என்றார். நல்ல வேளை, என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. வந்த கால்நடை மருத்துவர் முதலில் கையைத்தான் வைத்தார். சூடு இல்லை, அழுத்தினால் மாடு காலை இழுக்கவில்லை, நொண்டவும் இல்லை. சூடும் வலியும் இருந்தால் சீழ் பிடித்திருக்கலாம், நொண்டினால் மூட்டையே பார்க்க வேண்டும் என்றார். முடியை மழித்து, அயோடின் தடவி, ஊசியால் உறிஞ்சினார். வெளிர்மஞ்சளாக, பிசுபிசுப்பாக நீர் வந்தது. வடித்துக் கட்டுப் போட்டார். தரையை மாற்றாவிட்டால் மறுபடி நிறையும் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நாங்கள் மாற்றவில்லை, பத்தே நாளில் நிறைந்துவிட்டது. அப்புறம்தான் ரப்பர் பாய் வாங்கினோம், கயிற்றையும் ஒரு முழம் நீட்டிக் கட்டினோம். நாள்பட்டுப் பை தடித்துப்போனால் அறுவை செய்து எடுக்க வேண்டிவருமாம்.

அவர் இன்னொன்றும் கேட்டார்: "கன்னு ஏதும் வீசியிருக்கா?" அதாவது, சினை கலைந்திருக்கிறதா என்று. முட்டிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. புருசெல்லா என்ற கிருமி இரண்டையும் செய்யுமாம். ரத்தம் எடுத்து அனுப்பினார். எங்கள் மாட்டுக்கு இல்லை என்று வந்தது. இருந்திருந்தால் அந்த நீர் மூலமாகவே மனிதருக்கும் தொற்றியிருக்கலாம். விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டுவலி என்று மாதக்கணக்கில் இழுக்குமாம். வெறுங்கையால் கீறிப் பிதுக்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 4 முதல் 8 மாதக் கிடாரிக் கன்றுகளுக்கு இதற்கென ஒரு தடுப்பூசியை அரசு இலவசமாகப் போடுகிறது. ஆயுளுக்கு ஒரே ஊசி. எங்கள் ஊரில் கன்று மிரளும் என்று அதையும் தட்டிக்கழிப்பவர்கள் உண்டு.

செவலையின் முட்டியில் இப்போது எலுமிச்சை அளவில் ஒரு தடிப்பு மட்டும் இருக்கிறது. பால் குறையவில்லை. மாட்டுக்கொட்டகைக்குக் கடன் தருகிறவர்கள் கூரைக்கும் தளத்துக்கும் கணக்குப் போடுகிறார்கள். ரப்பர் பாய்க்கும் சேர்த்துப் போட்டுக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
பால் மாடு வளர்க்கும் வாசகி,
கோபிசெட்டிபாளையம் வட்டம்