பிறந்தநாள் ரத்ததான முகாம் நடத்தும் மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

நற்பணி மன்றத் தோழர்களுக்கும், கட்சிகளின் இளைஞரணி நிர்வாகிகளுக்கும், கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கும் வணக்கம்.

காசுக்கு ரத்தம் கொடுப்பது 1996-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பையொட்டி 1998 தொடக்கத்திலிருந்து தடைசெய்யப்பட்டது. அதன்பிறகு ரத்த வங்கிகளைத் தாங்கி நிற்பவர்களில் நீங்கள் முக்கியமானவர்கள். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறோம். எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: எல்லா ரத்தத்தையும் ஒரே நாளில் குவிக்காதீர்கள்.

தலைவருக்கோ நடிகருக்கோ பிறந்தநாள் வந்தால் ஊரில் நாலு இடத்தில் பந்தல் போடுகிறார்கள். அன்று சேரும் ரத்தத்தைச் சேமித்து வைக்கக் காலக்கெடு உண்டு. ரத்தத்தைக் கூறுகளாகப் பிரித்துத்தான் வைப்போம். சிவப்பணுக்கள் பையில் உள்ள மருந்தைப் பொறுத்து 35 அல்லது 42 நாள் தாங்கும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 5 நாள்தான். உறைய வைத்த பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) மட்டும் ஓராண்டு இருக்கும். ஆக, ஒரே நாளில் 300 பை வந்தால் தட்டணுக்களில் பெரும்பகுதி அடுத்த வாரமே குப்பைக்குப் போகும். இன்னொரு இழப்பு இதைவிடப் பெரியது. அன்று கொடுத்த ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் மறுபடி கொடுக்க முடியாது. கையிருப்பு தீரும்போது கூப்பிடலாம் என்று பார்த்தால், பட்டியலில் இருக்கும் எல்லாருமே "இப்பத்தானே கொடுத்தேன்" என்கிறார்கள்.

தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு கடுமையாக உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை சிவப்பணு ஏற்ற வேண்டும், அதுவும் பெரும்பாலும் ஆயுள் முழுக்க. தாமதமானால் ஹீமோகுளோபின் இறங்கி, பிள்ளை சோர்ந்து, பள்ளிக்கூடம் போவது நிற்கும். கல்லூரிகள் மூடியிருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் முகாமே இருக்காது. தேர்வு நாட்களிலும் தீபாவளி, பொங்கல் வாரங்களிலும் இதே கதைதான். மழைக்காலத்தில் டெங்கு வந்தால் தட்டணுவுக்கு அலைச்சல்.

எனவே உங்கள் ஆட்களை நான்கு குழுவாகப் பிரியுங்கள். பிறந்தநாளன்று ஒரு குழு கொடுக்கட்டும், மற்ற மூன்றும் மூன்று மாத இடைவெளியில் வரட்டும். பிறந்தநாள் பந்தலிலேயே மற்றவர்களின் பெயர், ரத்த வகை, கைபேசி எண், கடைசியாகக் கொடுத்த தேதி நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள். அரிதாகக் கிடைக்கும் நெகட்டிவ் வகைக்காரர்களை அன்றே எடுப்பதா, தேவை வரும்போது அழைப்பதா என்று ரத்த வங்கியிடம் கேட்டு முடிவெடுங்கள்.

ஆள் கணக்கையும் யோசித்துச் சொல்லுங்கள். படுக்கையில் ஏறுவது முதல் இறங்குவது வரை ஒருவருக்கு 20 நிமிடம் ஆகும். 5 படுக்கை இருந்தால் மணிக்கு 15 பேர், 5 மணி நேரத்தில் 75 பேர். 500 பேரைத் திரட்டி வெயிலில் நிறுத்தினால், வரிசையில் பசியோடு நிற்பவர்தான் மயங்கி விழுவார். காலையில் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து வரச் சொல்லுங்கள். கொடுத்த பிறகு கால் மணி நேரமாவது உட்கார வையுங்கள். தலை சுற்றினால் படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். தூக்கி நிறுத்தி நடக்க வைக்கக் கூடாது.

இடத்துக்கும் நேரத்துக்கும் தொடர்பு உண்டு. தட்டணு பிரிக்க வேண்டுமானால், எடுத்த 6 மணி நேரத்துக்குள் ரத்தம் ஆய்வுக்கூடம் சேர்ந்து, பிரித்தும் முடித்திருக்க வேண்டும். அதுவரை 20–24 டிகிரியில் இருக்க வேண்டும். சிவப்பணுவுக்கு ஏற்றபடி 2–6 டிகிரிக்குக் குளிர்ந்துவிட்டால் பிறகு தட்டணு கிடைக்காது. தூரத்துக் கிராமத்தில் முகாம் என்றால் வண்டி எப்போது திரும்பும் என்பதை முதலிலேயே பேசி வையுங்கள்.

மேசை போடும்போது ஒன்றை மறக்காதீர்கள்: மருத்துவர் கேள்வி கேட்கும் இடத்தைத் திரைகட்டி மறையுங்கள். காய்ச்சல், மாத்திரை, பச்சை குத்தியது, பாலுறவு பற்றியெல்லாம் அங்கே கேட்பார்கள். பின்னால் நண்பர்கள் நின்றுகொண்டிருந்தால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். எச்.ஐ.வி., ரத்தத்தால் பரவும் மஞ்சள்காமாலைக் கிருமிகள் (ஹெபடைடிஸ் பி, சி) ஆகியவற்றுக்குச் சோதனை செய்கிறோம். ஆனால் தொற்றிய தொடக்க நாட்களில் சோதனையில் தெரியாத ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் நோயாளியைக் காப்பது கொடுப்பவரின் உண்மையான பதில்தான். விலையுயர்ந்த பரிசு அறிவித்தாலும் இதே ஆபத்துதான், பரிசுக்காகப் பலர் மறைப்பார்கள். சான்றிதழும் சிற்றுண்டியும் போதும்.

திருப்பி அனுப்பப்படுபவரைக் கேலி செய்ய விடாதீர்கள். 45 கிலோ எடையும் 12.5 கிராம் ஹீமோகுளோபினும் இல்லாவிட்டால் எடுக்க மாட்டோம். மாணவிகளில் பலர் இதில்தான் நிற்கிறார்கள். அவர்களுக்குச் சோகை இருக்கலாம். "போம்மா" என்று அனுப்பிவிடாமல் அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ வழிகாட்டுங்கள்.

வாட்ஸ்அப்பில் "அவசரம், ரத்தம் தேவை" என்று அனுப்பும்போது மருத்துவமனை, ரத்த வகை, எத்தனை யூனிட், தேதி எல்லாம் இருக்கட்டும். கிடைத்ததும் "கிடைத்துவிட்டது" என்று அதே குழுவில் போடுங்கள். இல்லையென்றால் அந்தச் செய்தி மாதக்கணக்கில் சுற்றும்.

அடுத்த முகாமுக்குச் சுவரொட்டி அச்சடிக்கும் முன் உங்கள் ஊர் ரத்த வங்கிக்கு ஒரு போன் போடுங்கள். எந்த வாரம் இருப்பு குறையும், எந்த வகை தேவை, ஒரு நாளில் எத்தனை பை தாங்கும் என்று கேளுங்கள். தேதியை அதற்குப் பிறகு குறியுங்கள்.

இப்படிக்கு,
ரத்த வங்கி ஊழியர்கள்