"ஓர் ஆணும் ஒரு பெண்ணும்" என்ற சொற்களை நீக்குங்கள்: மெக்சிகோ மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2022 அக்டோபர் 26 அன்று தமௌலிபாஸ் சட்டமன்றம் வாக்களித்ததோடு, தலைநகரையும் சேர்த்து மெக்சிகோவின் 32 மாநிலங்களிலும் தன்பாலின இணையர் மணம் முடிக்க வழி பிறந்தது. மெக்சிகோ நகரில் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 மார்ச் 4. நாடு முழுவதும் பரவப் பன்னிரண்டரை ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. ஆனால் எல்லா மாநிலங்களும் ஒரே வழியில் வந்து சேரவில்லை. கோவாயிலா 2014இலேயே சட்டத்தைத் திருத்தியது. சில மாநிலங்களின் சட்டப்பிரிவுகளை உச்ச நீதிமன்றம் செல்லாதென்று அறிவித்தது. சிவாவாவில் 2015இலும் குவானஹுவாட்டோவில் 2021 டிசம்பரிலும் கதவைத் திறந்தது நிர்வாகத்தின் முடிவுதான். எந்த மாநிலத்தின் சிவில் சட்டத்தொகுப்பில் இன்னும் "ஓர் ஆணும் ஒரு பெண்ணும்" என்று அச்சாகியிருக்கிறதோ, அந்த மாநிலத்து உறுப்பினர்களுக்குத்தான் இந்த மடல்.

திருமணம் நடக்கத்தானே செய்கிறது, எழுத்து எப்படி இருந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கின்டானா ரோவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அந்த மாநிலச் சட்டத்தொகுப்பு மணமக்களின் பாலினத்தைக் குறிப்பிடவே இல்லை. அதை ஊன்றிப் படித்த இரண்டு இணையர் 2011 நவம்பரில் கன்டுனில்கின் ஊரில் மணம் முடித்தார்கள். 2012 ஏப்ரலில் ஆளுநர் அந்தப் பதிவுகளை ரத்து செய்தார். மே மாதம் அதே அரசு ரத்தைத் திரும்பப் பெற்றது. ஒரு கையெழுத்தில் போய் இன்னொரு கையெழுத்தில் திரும்பி வந்தது அவர்கள் திருமணம். சட்டத்தைத் திருத்தாமல் நிர்வாகம் அனுப்பும் சுற்றறிக்கையை நம்பி மணம் முடிப்பவர்களின் நிலையும் அதுதான். அதிகாரி மாறினால், ஆளுநர் மாறினால், அடுத்த சுற்றறிக்கை என்ன சொல்லுமோ என்ற கவலை அவர்களுக்கு இருந்துகொண்டே இருக்கும்.

நீதிபதிகள் பின்பற்ற வேண்டிய, உச்ச நீதிமன்றத்தின் 43/2015 தீர்ப்புநெறி இருக்கிறதே என்பது நீங்கள் சொல்லக்கூடிய அடுத்த பதில். திருமணத்தின் நோக்கம் பிள்ளைப்பேறு என்றோ, அது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் மட்டும் என்றோ சொல்லும் எந்த மாநிலச் சட்டமும் அரசியலமைப்புக்கு முரணானது என்று 2015 ஜூனில் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் தீர்ப்புநெறி நீதிபதிகளைக் கட்டுப்படுத்தும், பதிவகத்தின் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவரை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. அவர் தன் முன்னால் இருக்கும் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டி "இப்படித்தான் எழுதியிருக்கிறது" என்பார்.

அந்தக் கவுண்டரில் ஒருமுறை மறுப்பு வந்தால் என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்பதைச் சொல்கிறோம். வாய்மொழி மறுப்பு வழக்குக்கு உதவாது. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் "பெறப்பட்டது" முத்திரை வாங்க வேண்டும். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் தர அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு அதிகாரியைக் கடமைப்படுத்துகிறது. மறுப்புக் கடிதம் கைக்கு வந்தபின் 15 வேலை நாட்களுக்குள் கூட்டாட்சி மாவட்ட நீதிபதியிடம் அம்பாரோ மனு, அதாவது அரசியலமைப்பு உரிமையைக் காக்கக் கேட்கும் மனு, போட வேண்டும். நாள் தவறினால் மனு தள்ளுபடியாகும், மறுபடி விண்ணப்பத்திலிருந்தே தொடங்க வேண்டும். நீதிபதி அனுமதித்தாலும் மாநில அதிகாரிகள் பத்து நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம், அப்போது மேலும் மாதங்கள் ஓடும். இடையில் மணத்துக்கு முந்தைய மருத்துவச் சான்று காலாவதியாகி, ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். ஆண்-பெண் இணையர் அடையாள அட்டை, பிறப்புச் சான்று, சாட்சிகளோடு போய் முடித்துவரும் வேலை இது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர், தலைநகரிலிருந்து பல மணி நேரப் பயணத்தில் இருக்கும் கிராமத்தவர், பாதி வழியிலேயே விட்டுவிடுவார். கையில் காசு உள்ளவர் மெக்சிகோ நகருக்குப் போய் மணம் முடித்துத் திரும்பினார். அந்தத் திருமணம் நாடு முழுவதும் செல்லும் என்று 2010 ஆகஸ்டிலேயே தீர்ப்பாகிவிட்டதுதான் காரணம்.

இன்னொரு தடையும் இருந்தது. அம்பாரோ தீர்ப்பு மனு போட்டவரை மட்டுமே காக்கும். மெக்சிகோ சட்ட அறிஞர் மரியானோ ஒத்தேரோவின் பெயரால் வழங்கும் 19ஆம் நூற்றாண்டு விதி இது. வஹாக்கா மாநிலச் சட்டத்தொகுப்பின் 143ஆம் பிரிவு, திருமணம் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் "இனத்தை நிலைபெறச் செய்யவும்" ஒருவருக்கொருவர் உதவவும் செய்துகொள்ளும் ஒப்பந்தம் என்றது. பிள்ளை பெறும் வயது கடந்தவர்கள் மணம் முடிக்க எந்தத் தடையும் இல்லை, தன்பாலின இணையருக்கு மட்டும் அந்த ஒரு வரி பூட்டாக நின்றது. 2012 டிசம்பரில் மூன்று இணையருக்கு உச்ச நீதிமன்றம் பூட்டைத் திறந்தது, அந்த மூன்று இணையருக்கு மட்டும். பிறகு 39 பேர் சேர்ந்து ஒரே மனுவோடு வந்தார்கள். திருமணத்துக்கு விண்ணப்பித்து மறுப்பு வாங்காமலே வந்தார்கள். அந்த வரி புத்தகத்தில் இருப்பதே எங்களைத் தாழ்த்துகிறது என்பதுதான் அவர்கள் வாதம். 2014 ஏப்ரலில் நீதிமன்றம் அதை ஏற்றது. அந்தத் தீர்ப்பைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். எழுத்து எப்படி இருந்தால் என்ன என்ற கேள்விக்கு அதைவிட நேரான பதில் எங்களுக்குத் தெரியவில்லை. வஹாக்கா சட்டமன்றம் 143ஆம் பிரிவைத் திருத்தியது 2019 ஆகஸ்டில்தான்.

நீங்கள் கை வைக்காமல் இருந்தால் பிரிவு அப்படியே பத்திரமாக இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். ஹலிஸ்கோ மாநிலம் ஆண், பெண் என்ற சொற்களை அப்படியே விட்டுவிட்டு, திருமண வயதை 18 ஆக்க மட்டும் 260ஆம் பிரிவைத் திருத்தியது. புதிய சட்டம் வெளியானால் 30 நாட்களுக்குள் தேசிய மனித உரிமை ஆணையம் அதை எதிர்த்து நேரே உச்ச நீதிமன்றம் போகலாம், போனது. 2016 ஜனவரியில் 258, 260, 267 பிஸ் (267க்குப் பின் சேர்த்த பிரிவு) ஆகிய மூன்று பிரிவுகளின் சொற்களும் எல்லோருக்கும் பொருந்தும்படி செல்லாமல் போயின. அதற்கு அன்றைய 11 நீதிபதிகளில் குறைந்தது 8 பேர் ஒத்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டு சியாபாஸ், புவேப்லா சட்டங்களுக்கும் இதே கதி. நீதிமன்றம் வெட்டிய இடத்தில் வெற்றிடம்தான் மிஞ்சும், அதை நிரப்பி எழுதுவது உங்கள் வேலை.

வாக்கெடுப்பைப் பற்றி ஒன்று. யுகத்தான் சட்டமன்றம் 2019இல் இரண்டு முறை ரகசிய வாக்கெடுப்பு நடத்தி இந்தத் திருத்தத்தைத் தோற்கடித்தது. அந்த ரகசியம் செல்லாது என்று 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே மாதம் 25ஆம் தேதி வெளிப்படையாக நடந்த வாக்கெடுப்பில் 20க்கு 5 என்று நிறைவேறியது. உங்களுக்கு வாக்களித்தவர்களின் முன்னால் கையை உயர்த்துங்கள்.

திருத்தம் எழுதும்போது ஒரே ஒரு பிரிவோடு நிறுத்திவிடாதீர்கள். "ஓர் ஆணும் ஒரு பெண்ணும்" என்பதை "இரண்டு பேர்" என்று மாற்றினால் முதல் படிதான் முடியும். மணம் முடிக்காமல் சேர்ந்து வாழும் கன்குபினாத்தோ பிரிவிலும் அதே சொற்கள் இருக்கும். தத்தெடுப்பு, வாரிசுரிமை, பிள்ளையின் குடும்பப்பெயர் வரிசை ஆகியவற்றில் "தந்தை", "தாய்", "கணவன்", "மனைவி" என்று வரும் ஒவ்வோர் இடத்தையும் தேடிப் பாருங்கள். மாநில அரசியலமைப்பையும் பாருங்கள். யுகத்தானில் அங்கேயே தடை எழுதியிருந்ததால் முதலில் அதைத் திருத்த வேண்டியிருந்தது, குடும்பச் சட்டத்தைத் திருத்தி முடிக்க 2022 மார்ச் ஆகிவிட்டது.

சட்டம் நிறைவேறினாலும் மாநில அரசிதழில் வெளியாகும்வரை அது வெறும் காகிதம். வெளியான மறுநாளே நடைமுறைக்கு வரும் என்று இடைக்காலப் பிரிவில் எழுதுங்கள். சுற்றறிக்கையாலும் அம்பாரோவாலும் முன்பே நடந்த திருமணங்கள் அவை நடந்த நாளிலிருந்தே செல்லும் என்று இன்னொரு வரி சேருங்கள். சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் கணவரை இழந்த கணவர் ஓய்வூதியம் கேட்டுப் போகும்போது அந்தத் தேதிதான் பேசும்.

கடைசியாகப் படிவம். மணப் பதிவுப் படிவத்தில் "மணமகன்", "மணமகள்" என்று இரண்டு பெட்டிகள் இருந்தால், கணினியில் இரண்டாவது பெட்டி "பெண்" என்பதை மட்டுமே ஏற்றுக்கொண்டால், நல்ல மனது கொண்ட அதிகாரியும் கையைப் பிசைந்துகொண்டு "சிஸ்டம் எடுக்கவில்லை" என்பார். இரண்டு பெட்டிகளிலும் "மணம் முடிப்பவர்" என்று அச்சிடச் சொல்லுங்கள். அரசிதழ் வெளியாகும் அன்றைக்கே புதிய படிவம் மாநிலத்தின் எல்லாப் பதிவகங்களுக்கும் போய்ச் சேரட்டும்.

இப்படிக்கு,
மெக்சிகோவின் குடும்பச் சட்டத்தைத் தொடர்ந்து படித்துவரும் சில தமிழர்கள்