நிச்சயதார்த்த மோதிரம்: கல்லைப் பார்க்கும் முன் கையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழில் வரும் நகை விளம்பரங்களைத் தவறாமல் பார்த்து வருகிறேன். நிச்சயதார்த்த மோதிரம் பற்றிய விளம்பரங்கள் பெரும்பாலும் இரண்டே செய்திகளைத்தான் பெரிய எழுத்தில் சொல்கின்றன: கல் எத்தனை காரட், தள்ளுபடி என்றைக்கு முடிகிறது. 27 ஆண்டுகளாக நகை பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்து வருகிறேன். மோதிரம் வாங்கப் புறப்படும் இளைஞர்களுக்கு இந்த இரண்டு செய்திகளும் வழிகாட்டுவதைவிடப் பதற்றம் தருவதே அதிகம் என்று என் அனுபவத்தில் கண்டிருப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஓர் இளைஞர் பட்டறைக்கு வந்து, சிறிய வெல்வெட் பெட்டி ஒன்றை என் மேசை மீது வைத்துவிட்டு நெடுநேரம் எதுவும் பேசாமல் நின்றார். கடை மூடுவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது உள்ளே போய், சலுகை அன்றோடு முடிகிறது என்று சொல்லப்பட்டதால், சரியாக ஒரு காரட் வைரம் பதித்த மோதிரத்தை வாங்கியிருக்கிறார். நிச்சயத்தன்று அது அந்தப் பெண்ணின் விரல் கணுவைத் தாண்டவில்லை. அவர் சிரித்துக்கொண்டே அதைச் சுண்டுவிரலில் போட்டுக்கொண்டாராம். அளவைக் கூட்டித் தர முடியுமா என்று இளைஞர் கேட்டார். வளையத்தைச் சுற்றிலும் இடைவெளியின்றிப் பொடிக்கற்கள் பதித்த மோதிரம் அது. அத்தகைய வளையத்தை வெட்டி இணைத்தால் கற்களின் வரிசை குலைந்துவிடும் என்பதால் என்னால் எதுவும் செய்ய இயலவில்லை. வாங்கும்போது இதைப் பற்றி யாரும் தம்மிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அவர் வருந்தினார். அந்த வருத்தம் நியாயமானது.

ஆகவே, தேர்வு கல்லிலிருந்து தொடங்கக் கூடாது, கையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே நான் சொல்ல விரும்புவது. விரல் ஒரு நாளுக்குள்ளேயே அளவு மாறும். வெப்பத்திலும் மாலை நேரத்திலும் சற்றுப் பருக்கும், குளிரில் சுருங்கும். ஒரே முறை அளந்ததை நம்பாமல் வெவ்வேறு நாள்களில் இரண்டு மூன்று முறை அளந்து பார்ப்பது நல்லது. அளவு வளையம் கணுவைச் சிறிது தடையோடு தாண்ட வேண்டும், தாண்டிய பின் விரலின் அடியில் சுழலாமல் நிற்க வேண்டும். பட்டையான வளையம் மெல்லிய வளையத்தைவிட இறுக்கமாக உணரப்படும் என்பதால், எந்த அகலத்தில் மோதிரம் செய்யப் போகிறோமோ அதே அகலமுள்ள அளவு வளையத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். சொல்லாமல் வாங்க விரும்புகிறவர்கள், அந்தப் பெண் அதே விரலில் ஏற்கெனவே அணியும் மோதிரத்தின் உள் விட்டத்தை அளந்துகொள்ளலாம். வேறு விரலின் மோதிரமும் மறு கையின் மோதிரமும் உதவாது. இந்த ரகசியமே பெரும் பாரமாக இருக்குமானால், அதை விட்டுவிட்டு இருவரும் சேர்ந்தே தேர்ந்தெடுப்பதில் எந்தக் குறைவும் இல்லை. ஆச்சரியம் வேண்டுமென்றால் கொடுக்கும் நாளையும் இடத்தையும் சொல்லாமல் வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்து, அந்தக் கை நாள் முழுவதும் என்ன வேலை செய்கிறது என்று யோசிக்க வேண்டும். கையுறை மாட்டிக் கழற்றும் செவிலியருக்கும், கைக்குழந்தையைத் தூக்கும் தாய்க்கும் உயரமாகக் கல் நிற்கும் மோதிரம் ஓயாத தொந்தரவு. என்னிடம் பழுதுக்கு வரும் ஒற்றைக்கல் மோதிரங்களில் நான் முதலில் பார்ப்பது கல்லைக் கவ்வியிருக்கும் சிறு நகங்களைத்தான். ஆண்டுக்கணக்கில் துணியிலும் கைப்பிடியிலும் உரசி அவை தேய்ந்து காகிதம்போல் மெலிந்திருக்கும். சில மோதிரங்களில் அந்த நகத்தில் சிக்கிய கம்பளி நூல் இழை அப்படியே இருக்கும். மோதிரத்தைக் காதருகே வைத்து மெல்லத் தட்டும்போது ஒரு மெல்லிய கிலுகிலுப்புக் கேட்டால், கல் ஆடத் தொடங்கிவிட்டது என்று பொருள். நான்கு நகங்கள் பிடித்திருக்கும் கல், அவற்றில் ஒரு நகம் உடைந்தாலே விழுந்துவிடக்கூடும். ஆறு இருந்தால் ஒன்று போனாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். கையால் அதிகம் வேலை செய்பவர்களுக்கு, கல்லைச் சுற்றி முழு விளிம்பு கட்டித் தாழ்வாகப் பதிக்கும் முறையையே நான் பரிந்துரைப்பேன். கல் சற்றுச் சிறியதாகத் தெரியலாம், ஆனால் தொலையாது.

உலோகத்தைப் பொறுத்தவரை, 91.6 சதவீதத் தங்கமுள்ள 22 காரட் மென்மையானது என்பதால், நகங்களால் கல்லைத் தாங்கும் மோதிரத்துக்கு 75 சதவீதத் தங்கமுள்ள 18 காரட்டே உறுதியான தேர்வு. 58.5 சதவீதமுள்ள 14 காரட் இன்னும் கடினமானது. வெள்ளைத் தங்கத்தின் பளிச்சென்ற வெண்மை மேலே பூசப்படும் ரோடியம் என்ற வெண்ணிற உலோகத்தினுடையது. அது தேயத் தேய மீண்டும் பூச வேண்டியிருக்கும். சில வகை வெள்ளைத் தங்கத்தில் கலந்திருக்கும் நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களின் விரலில் அரிப்பை உண்டாக்கும். பிளாட்டினத்துக்கு இந்தச் சிக்கல்கள் இல்லை, எடையும் விலையும்தான் கூடுதல்.

இப்போது கல். தங்கத்துக்குத் தூய்மையைக் குறிக்கும் காரட், கல்லுக்கு எடையைக் குறிக்கிறது, பருமனை அல்ல. ஒரு காரட் என்பது 0.2 கிராம். நன்றாகப் பட்டை தீட்டிய ஒரு காரட் வட்ட வைரத்தின் விட்டம் சுமார் 6.5 மில்லிமீட்டர், 0.90 காரட் வைரத்தின் விட்டம் சுமார் 6.2 மில்லிமீட்டர். இந்த 0.3 மில்லிமீட்டரை விரலில் பார்த்து எவரும் பிரித்தறிய முடியாது. ஆனால் முழு எண்ணைத் தொட்டவுடன் விலை படியேறிவிடுகிறது. மேலே சொன்ன இளைஞர் அந்த முழு எண்ணுக்காகவே கூடுதலாகச் செலவிட்டிருந்தார். அவர் வாங்கிய கல்லோ அடிப்பக்கம் ஆழமாக வெட்டப்பட்டு, எடையைத் தன் வயிற்றில் மறைத்து வைத்திருந்தது. மேலிருந்து பார்த்தால் 0.90 காரட் கல்லின் அகலம்கூட இல்லை.

வைரத்துக்கு உயிர் கொடுப்பது பட்டை தீட்டும் திறமைதான். வழக்கமான வட்ட வைரத்துக்கு 57 அல்லது 58 பட்டைகள் உண்டு. அவற்றின் கோணங்கள் சரியாக இருந்தால் மேலே விழும் ஒளி உள்ளே சென்று கண்ணுக்கே திரும்பும், தவறினால் அடியிலும் பக்கத்திலும் கசிந்து கல்லின் நடுப்பகுதி இருண்டு கிடக்கும். ஆகவே பணத்தை எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது என்று கேட்பவர்களிடம், பட்டையின் தரத்தில் மட்டும் சமரசம் வேண்டாம் என்று நான் சொல்வதுண்டு. நிறத்தை, நிறமே இல்லாத ‘டி’ முதல் மஞ்சள் சாயல் நன்றாகத் தெரியும் ‘இசட்’ வரை தரம் பிரிக்கிறார்கள். மஞ்சள் தங்கத்தில் பதிக்கும் கல்லுக்கு ‘டி’ தர நிறத்தைத் தேடிக் கொட்டும் பணம் வீண். ‘ஐ’, ‘ஜே’ தரங்களின் மெல்லிய மஞ்சள் சாயலை உலோகத்தின் நிறமே மறைத்துவிடும். கல்லின் உள்ளே இருக்கும் குற்றங்களைப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ் வழியாகப் பார்த்தே தெளிவின் தரத்தை முடிவு செய்கிறார்கள் என்பதால், வெறும் கண்ணுக்குத் தெரியாத குற்றத்துக்காகக் கவலைப்படத் தேவையில்லை. கடையில் தலைக்கு மேல் எரியும் கூரிய விளக்குகளின் கீழ் எந்தக் கல்லும் மின்னும். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அதற்குத் தயங்கும் கடையில் வாங்க வேண்டிய அவசியமில்லை.

ஆய்வகத்தில் வளர்க்கப்படும் வைரமும் உண்மையான வைரமே. அதே கரிமம், அதே கடினத்தன்மை, பயிற்சி பெற்ற கண்ணுக்கும் கருவியில்லாமல் வேறுபாடு தெரியாது. விலை பெரிதும் குறைவு, திரும்ப விற்கும்போது கிடைப்பதும் குறைவு. எது என்பதை ரசீதிலும் சான்றிதழிலும் தெளிவாக எழுதித் தருகிறார்களா என்பதே முக்கியம். வண்ணக் கல் விரும்புபவர்களுக்கு, வைரம் 10 ஆக இருக்கும் கடினத்தன்மை அளவுகோலில் 9 என்ற இடத்தில் இருக்கும் நீலமும் மாணிக்கமும் தினமும் அணிய ஏற்றவை. மரகதத்தின் உள்ளே இயல்பாகவே பிளவுகள் இருக்கும், கவனமாக அணிய வேண்டும். முத்து மிக மென்மையானது. நிச்சயதார்த்த மோதிரமாக நாள்தோறும் அணிந்தால் சில ஆண்டுகளில் மங்கிவிடும்.

எவ்வளவு செலவிடுவது என்பதில்தான் இளைஞர்கள் மிகவும் கலங்குகிறார்கள். இத்தனை மாதச் சம்பளத்தைச் செலவிட வேண்டும் என்பது முன்னோர் வகுத்த நெறி என்றே பலர் நம்புகிறார்கள். இரண்டு மாதச் சம்பளம் என்ற கணக்கை 1980-களில் டி பியர்ஸ் வைர நிறுவனத்தின் விளம்பரங்கள்தான் பரப்பின. அதற்குக் கட்டுப்பட வேண்டியவர் எவரும் இல்லை. கடன் வாங்காமல் கொடுக்கக்கூடிய தொகையை வீட்டிலேயே முடிவு செய்து, ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகும்படி என்னிடம் யோசனை கேட்டவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தாள் பையில் இருந்ததால் தைரியமாக வெளியே வர முடிந்தது என்று ஒருவர் பின்னர் வந்து சொன்னது எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

முதல் நாளே வாங்கிவிடவும் வேண்டாம். பிடித்த மோதிரத்தின் விவரங்களைக் குறித்துக்கொண்டு ஓர் இரவு கழித்து மீண்டும் போய்ப் பார்த்தால், முந்தைய நாள் ஆசையாகத் தோன்றியது விருப்பமா அவசரமா என்பது தெரிந்துவிடும். அளவை எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள், அந்த வடிவத்தில் அளவை மாற்ற முடியுமா, திருப்பித் தந்தால் பணமா வேறு நகையா என்பவற்றை வாய்ச்சொல்லாக விடாமல் ரசீதில் எழுதி வாங்க வேண்டும். சான்றிதழ் உள்ள வைரங்கள் பலவற்றின் இடைவிளிம்பில் லேசர் கொண்டு எண் பொறித்திருப்பார்கள். அந்த எண்ணும் சான்றிதழின் எண்ணும் ஒன்றுதானா என்று லென்ஸ் வழியாகக் காட்டும்படி கேட்பது வாங்குபவரின் உரிமை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். நகை விளம்பரங்கள் வெளியாகும் பக்கத்திலேயே, வைரச் சான்றிதழ் ஒன்றின் மாதிரியை அச்சிட்டு, அதில் எந்த வரி எதைக் குறிக்கிறது, எந்த வகை மோதிரத்தின் அளவைப் பின்னர் மாற்ற இயலாது என்பதைக் கால் பக்கத்தில் எளிய தமிழில் விளக்கி வெளியிட்டால், வாங்கச் செல்பவர்கள் அதை வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போவார்கள். அத்தகைய குறிப்பைத் தயாரிக்க என் உதவி தேவைப்பட்டால், மகிழ்ச்சியோடு செய்து தருகிறேன்.

இப்படிக்கு,
நகை பழுதுபார்க்கும் தொழிலாளி ஒருவர்